பிஷப்பின் நூலும் அம்மாளின் நூலும்

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பீரோவில் ஆரணிப் பட்டுப் புடவை ஒன்றாவது இருக்கும். உங்களிடம் இல்லாவிட்டால் அம்மாவின் பெட்டியிலாவது இருக்கும். அதை எந்தக் கடையில் வாங்கினோம், என்ன விலை கொடுத்தோம், யாருடைய கல்யாணத்துக்கு எடுத்தோம் என்பதெல்லாம் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதை நெய்தவர் யார்? தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் பெயர் என்ன? அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்டதில்லை.

கைவேலைக்கு அப்படி ஒரு தலைவிதி! வேலை நிற்கும், பெயர் நிற்காது. அதிலும் வேலை செய்தவள் பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த விதிக்கு விலக்கு ஒன்று அதே ஆரணிச் சீமையில் இருக்கிறது. ஆரணிக்கும் போளூருக்கும் அருகே திருமலை என்று ஒரு சமணத் தலம் உண்டு. அங்கே மலையடியில் உள்ள கோயிலுக்குக் குந்தவை ஜினாலயம் என்று பெயர். ஆமாம், ராஜராஜ சோழனின் தமக்கை, நீங்கள் கதையில் படித்து உருகிய அதே குந்தவைப் பிராட்டியின் பெயர்தான்! அங்குள்ள பாறையில், ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1024-ஆம் ஆண்டு வாக்கில், வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜேந்திரன் கங்கை வரை படை நடத்தி வென்ற செய்தியை அது வரிசையாகச் சொல்கிறது. சரித்திரப் பேராசிரியர்கள் அந்தக் கல்வெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

ஆனால் அந்தக் கல்வெட்டை எதற்காக வெட்டினார்கள் தெரியுமா? சாமுண்டப்பை என்னும் அம்மாள், நன்னப்பையன் என்ற வியாபாரியின் மனைவி, அந்தக் கோயிலில் ஒரு விளக்கு எரிவதற்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். அதைப் பதிவு செய்யத்தான்! சக்கரவர்த்தியின் திக்விஜயம் அங்கே வெறும் முகவுரை. அம்மாளின் விளக்குதான் விஷயம்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் இந்தத் திருமலைக் கல்வெட்டை நினைத்துக்கொள்வது நல்லது. முகவுரையோடு நின்றுவிடாமல், பக்கத்தில் விளக்கேற்றியது யார் என்றும் பார்க்கலாம் அல்லவா? இந்த வாரம் அப்படிப் பார்க்கப் போவது திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரப் பிஷப்பின் கதையை. கால்டுவெல் என்றால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அவர் வீட்டில் இரண்டு விதமான நூல் உண்டாயிற்று. ஒன்று அச்சேறியது. மற்றொன்று ஊசியில் ஏறியது.

கப்பலில் வந்த வாலிபர்

ராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பையனுக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிவிட்டது. முதலில் சித்திரம் பழகினார். பிறகு மனம் சமய ஊழியத்தின் பக்கம் திரும்பிற்று. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கிரேக்கம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் ருசியை அவருக்கு ஊட்டிவிட்டார். அந்த ருசி பிற்பாடு நமக்கு எவ்வளவு உபகாரமாயிற்று!

லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராக அவர் கப்பலேறினார். 'மேரி ஆன்' என்பது கப்பலின் பெயர். வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதல் ஏற்பட்டு, அந்தப் பிரெஞ்சுக் கப்பல் மூழ்கியே போயிற்று. இத்தனை ஆபத்துக்கு நடுவில் ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. தெலுங்கு மொழிக்கு அகராதி செய்த சி. பி. பிரௌன் துரை அதே கப்பலில் பிரயாணம் செய்தார். இருவருக்கும் பேச்சு வேறென்னவாக இருக்கும்? மொழிதான்!

1838-ஆம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி கால்டுவெல் சென்னையில் இறங்கினார். மூன்று வருஷம் சென்னையில் தமிழ் படித்தார். 1841-இல் லண்டன் மிஷனை விட்டு விலகி, இங்கிலாந்துத் திருச்சபையின் எஸ். பி. ஜி. சங்கத்தில் சேர்ந்தார். திருநெல்வேலியில் வேலை என்று உத்தரவாயிற்று. அந்தக் காலத்துத் துரைமார்கள் குதிரை அல்லது பல்லக்கு இல்லாமல் ஊர் விட்டு ஊர் போகமாட்டார்கள். இவரோ சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு நடந்தே போனார். ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். நடுவே நீலகிரியில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இடையன்குடி என்பது திசையன்விளைக்கு அருகில் உள்ள சின்ன ஊர். செம்மண் தேரியும் பனைமரமும் உள்ள சீமை. ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அனல் பறக்கும் அடுப்பின் முன்னால் நின்று அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். இந்த ஊரில்தான் கால்டுவெல் தெருக்களை நேராக வகுத்தார், கிணறு வெட்டினார், மரம் வைத்தார். வாழ்நாளில் பெரும் பகுதியைக் கழித்ததும் இங்கேதான்.

தமிழோடு வந்த மணப்பெண்

ஊரைச் சீர்திருத்தியாயிற்று, வீட்டுக்கு ஒரு நாயகி வேண்டாமா? 1844-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாகர்கோவிலில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் எலைசா மால்ட். அப்போது அவருக்குச் சுமார் 22 வயது. அவருடைய தந்தை சார்லஸ் மால்ட் பாதிரியார் 1819 முதல் நாகர்கோவிலில் ஊழியம் செய்தவர். எந்த லண்டன் மிஷனை மாப்பிள்ளை விட்டுவிட்டு வந்தாரோ, அதே மிஷனைச் சேர்ந்தவர்! நம் வீடுகளாக இருந்தால் இதை வைத்தே ஆறு மாசம் பேசியிருப்போம். மாமனார் அதைப் பாராட்டாமல் பெண்ணைக் கொடுத்தார்.

இந்தப் பெண் கொண்டுவந்த சீதனம் என்ன தெரியுமா? முதலாவது, தமிழ். அவர் நாஞ்சில் நாட்டிலே வளர்ந்தவர். துரை புத்தகத்தை வைத்துக்கொண்டு முனைந்து கற்ற பாஷை, அம்மாளுக்குச் சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த பாஷை. அடுக்களையில் பெண்கள் என்ன பேசுவார்கள், பிரசவ வேதனையில் என்ன சொல்லி அழுவார்கள், கோபம் வந்தால் எப்படி ஏசுவார்கள் என்பதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் இருக்குமா? கிராமத்துப் பெண்களிடம் போய்ப் பேசுவதற்குத் துரையைவிட அம்மாளுக்கே வழி இருந்தது.

இரண்டாவது சீதனம், லேஸ் பின்னும் கலை. எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, 1820-களிலேயே எழுத்தோடு லேஸ் வேலையும் கற்றுக் கொடுத்தவர். இந்தக் குடும்பத்துக்கும் துணிக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. அந்தக் காலத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த தொளதொளத்த ரவிக்கையை அணிந்த பெண்களைத் தெருவில் அடித்து, ரவிக்கையைக் கிழித்தார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்து, நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. அப்போதும் முழு அனுமதி இல்லை. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை! ஒரு முழத் துணிக்கும் நான்கு தையலுக்கும் பின்னால் எவ்வளவு மானம் இருக்கிறது என்பதை எலைசா தாய்வீட்டிலேயே பார்த்தவர்.

கோலம் போடத் தெரிந்தால் போதும்

இடையன்குடிக்கு வந்த புதிதிலேயே அவர் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். படிப்போடு லேஸும் உண்டு. லேஸைத் தெற்கே சிலர் ரேந்தை என்பார்கள். அது போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல்.

அந்த வேலை எப்படி என்று கேளுங்கள். கெட்டியாக அடைத்த திண்டு ஒன்று. அதன்மேல் புள்ளி குத்திய தாள். புள்ளிக்குப் புள்ளி ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இதை அதன்மேல் போட்டு, அதை இதன்மேல் முறுக்கி, ஊசியைச் சுற்றி வளைத்துக்கொண்டே போக வேண்டும். ஊசிகளை எடுத்துவிட்டால் கையில் நிற்பது பூவும் கொடியுமான பின்னல். நம் வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறோமே, அதே கணக்குத்தான்! மாவுக்குப் பதில் நூல். கோலம் போடும் கைக்கு இதைக் கற்பது பிரமாதம் அல்ல. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு சாண் நீளம் பின்னுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பனைத்தொழில் வருஷம் முழுவதும் நடப்பதில்லை. பருவம் முடிந்தால் அடுப்பும் அணைந்துவிடும், கைக்காசும் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், வெயிலில் நிற்காமல், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பெண் தன் விரலால் காசு சம்பாதிக்கலாம் என்றால் அது சாதாரண சமாசாரமா? தகப்பன் கொடுத்த காசு அல்ல, புருஷன் கொடுத்த காசு அல்ல. தானே சம்பாதித்தது. அந்தக் காசு கையில் இருக்கும்போது பெண்ணின் குரலே வேறு மாதிரி ஒலிக்கும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த லேஸை வாங்கி அணிந்தவர்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். பின்னிய பெண்கள் அல்ல. பட்டு நெய்பவள் எல்லோரும் பட்டு உடுத்துகிறாளா? அதே கதைதான்.

துரை எழுதிய நூல்

அம்மாள் திண்டோடும் குண்டூசியோடும் பள்ளியில் இருந்த அதே வருஷங்களில், துரை ஏடுகளோடு உட்கார்ந்திருந்தார். 1856-இல் லண்டனில் அவருடைய 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளியாயிற்று. 1875-இல் விரிவான இரண்டாம் பதிப்பும் வந்தது.

அதில் அப்படி என்ன சொன்னார்? பெரிய பண்டிதர்களின் விஷயம் என்று பயப்படாதீர்கள். அடுக்களைக் கணக்காகவே சொல்லிவிடலாம். பண்டிகைக்கு அண்டை வீட்டில் அண்டா இரவல் வாங்குகிறோம். அண்டா அவர்களுடையது என்பதற்காக, நம் வீட்டு அடுப்பும் அவர்களுடையது ஆகிவிடுமா? தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சம்ஸ்கிருத வார்த்தைகள் ஏராளமாக இருப்பதைப் பார்த்து, இவையெல்லாம் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையே என்று அக்காலத்தில் பலர் எண்ணியிருந்தார்கள். கால்டுவெல் இரவல் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு வீட்டுச் சொற்களைப் பார்த்தார். நாம் 'கண்' என்கிறோம், மலையாளத்திலும் கன்னடத்திலும் 'கண்ணு', தெலுங்கில் 'கன்னு'. நாம் 'மூன்று' என்றால் மலையாளி 'மூன்னு' என்கிறார், கன்னடத்தார் 'மூரு', தெலுங்கர் 'மூடு'. உடம்பின் உறுப்புகள், எண்கள், நான் நீ என்னும் சொற்கள், வினைச்சொல் முடியும் விதம் எல்லாவற்றிலும் ஒரே குடும்பச் சாயல்! ஆகவே இவை ஒரு தாய் வயிற்று மக்கள். சம்ஸ்கிருதத்தின் குடும்பம் வேறு என்று அவர் நிலைநாட்டினார். இந்தக் கருத்தை 1816-இலேயே சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை சுருக்கமாகச் சொல்லியிருந்தார். விரிவாக, சான்றுகளை அடுக்கி, உலகம் ஒப்புக்கொள்ளும்படி எழுதியவர் கால்டுவெல்.

வீட்டுச் சொற்களை வைத்துத்தான் வழக்கே தீர்ந்தது என்பதைக் கவனித்தீர்களா? அந்தச் சொற்களைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் நாவில் ஏற்றியவர்கள் யார்? நாம்தான்!

ஒரு வடு

பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது குறையை விட்டுவிட்டுச் சொல்வது நம் வழக்கம். அது நியாயமல்ல. 1849-இல், ஊருக்கு வந்து எட்டே வருஷம் ஆன சமயத்தில், கால்டுவெல் திருநெல்வேலி நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். எந்த ஜனங்களுக்கு நடுவே வாழ்ந்தாரோ, அவர்களுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்திப் பேசியது அந்தப் புத்தகம். சீமையில் இருந்த நன்கொடையாளர்கள் படிப்பதற்காக எழுதியது; ஆனால் பேசப்பட்டவர்களின் பிள்ளைகளும் ஆங்கிலம் படித்துவிட்டார்களே! அவர்கள் அதைப் படித்தபோது நெஞ்சு கொதித்தது. அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, வெள்ளைக்காரர்களின் அதிகாரமே வேண்டாம் என்று முக்குப்பேரியில் தனிச் சபை கண்டதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். அது உண்டாக்கிய மனத்தாங்கல் கால்டுவெல்லின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

சொல்லின் வேரைக் கண்டுபிடித்தவர், சொல்லால் படும் காயத்தைக் கண்டுகொள்ளத் தவறினார். அவருடைய புகழைச் சொல்லும் வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்பத்துமூன்று வருஷக் கோயில்

'வீட்டைக் கட்டிப் பார்' என்பார்கள். கால்டுவெல் கோயிலைக் கட்டிப் பார்த்தார். இடையன்குடி தேவாலயத்துக்கு 1847-இல் அஸ்திவாரம் போட்டார்கள். பிரதிஷ்டை நடந்தது 1880-இல். முப்பத்துமூன்று வருஷம்! அதற்குள் துரைக்குத் தலை நரைத்து, பிஷப் பட்டமும் வந்துவிட்டது.

அந்தப் பட்டமும் தாமதமாகவே வந்தது. 1877-ஆம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி கல்கத்தாவில் அவருக்கு அபிஷேகமாயிற்று. அப்போது வயது 62. திருநெல்வேலிக்கு வந்து 35 வருஷம் ஆகியிருந்தது. அதே நாளில் பாளையங்கோட்டை சார்ஜென்ட் பாதிரியாருக்கும் பிஷப் பட்டம் கிடைத்தது. ஒரு ஜில்லாவுக்கு இரண்டு பிஷப்புகளா என்று கேட்கிறீர்களா? ஜில்லாவில் இரண்டு மிஷன் சங்கங்கள். ஆகவே சங்கத்துக்கு ஒருவர். இருவரும் சென்னைப் பிஷப்புக்கு உதவிப் பிஷப்புகள். திருநெல்வேலிக்குத் தனி அத்தியட்சாதீனம் 1896-இல்தான் ஏற்பட்டது.

பட்டம் வந்த காலம் நல்ல காலம் அல்ல. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அது. பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று பேச்சும் கிளம்பிற்று. பசித்தவன் மனத்தில் என்ன இருந்தது என்று வயிறு நிறைந்தவர்கள் தீர்ப்புச் சொல்வது எளிது. அந்தச் சர்ச்சைக்குள் நாம் போக வேண்டாம். 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் வெளிவந்தது. 1883-இல் தூத்துக்குடிக்குக் குடிபோனார். 1891 ஜனவரியில் பதவியை விட்டு ஓய்வு பெற்றார். சீமைக்குப் போகவில்லை. கொடைக்கானல் மலைக்குப் போனார். அங்கேயே அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ந் தேதி காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, இடையன்குடியில் தாம் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

நாற்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்த எலைசா அம்மாள், ஏழு குழந்தைகளைப் பெற்றெடுத்தவர், இன்னும் எட்டு வருஷம் இருந்து 1899-இல் கண்ணை மூடினார். அவரும் அதே கோயிலில்தான் உறங்குகிறார்.

யார் பெயர் நின்றது?

பிஷப்பின் நினைவுக் குறிப்புகளை 1894-இல் அவருடைய மருமகன் வயட் பாதிரியார் புத்தகமாகக் கொண்டுவந்தார். 1968-இல் சென்னையில் உலகத் தமிழ் மகாநாடு நடந்தபோது மெரினாக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. 2010-இல் தபால் தலையும் வெளியாயிற்று. எல்லாம் தகுந்ததுதான், தமிழுக்கு அவர் செய்த உதவி சிறியதல்ல.

எலைசா அம்மாளின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? அவரையாவது 'பிஷப்பின் மனைவி' என்று ஒரு வரியில் சேர்த்துவிடுகிறார்கள். அவரிடம் திண்டின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, குண்டூசி குத்தி, கண் நோவப் பின்னிய பெண்களின் பெயர்? அந்தப் பெண்கள் தங்கள் மகள்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் மகள்களுக்கு. அச்சிட்ட நூல் நூலகத்தில் இருக்கிறது. பின்னிய நூல் கைக்குக் கை மாறிப் போயிற்று. கையெழுத்து இல்லாத கைவேலை!

ஆகையால் சகோதரிகளே, ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை ஆரணிப் பட்டோ, வேறு கைத்தறியோ வாங்கும்போது, நெய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். தெரிந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துப் புடவை மடிப்பில் வையுங்கள். உங்கள் பாட்டி போட்ட பின்னலோ, அத்தை தைத்த தலையணை உறையோ வீட்டில் இருந்தால், அதன் ஓரத்தில் அவர்கள் பெயரை இரண்டு தையலில் போட்டுவிடுங்கள்.

திருமலையில் 20 காசுக்கு விளக்கு வைத்த அம்மாளின் பெயர் ஆயிரம் வருஷம் நின்றிருக்கிறது. யாரோ ஒருவர் அதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான் விஷயம்.